ஞாயிற்றுக்கிழமை மட்டும் செத்த வயர்லெஸ்

லாசரஸை அடக்கம் செய்த மறுநாள் காலை. அவர் படுத்திருந்த கட்டிலின்மேல் லேப்டாப் மூடிக் கிடந்தது. அடக்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மகன் பிரேம் அதைக் காட்டினான்.

"இதைக் கெடுத்தது யாருன்னு சொல்லு ஏஞ்சல். எனக்குத் தெரியணும்."

ஏஞ்சல் அவனோடு படித்தவள். இப்போது ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் அவள் பொறுப்பில். லினக்ஸ் இயங்குதளம் மக்கர் செய்தால் நண்பர்கள் அவளைத்தான் தேடுவார்கள். ஆனால் துக்க வீட்டில் இப்படி ஒரு விசாரணையை அவள் எதிர்பார்க்கவில்லை.

2008ஆம் வருடம் அது. ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போகுமுன், பிரேம் இந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தாம்பரம் வீட்டில் அப்பாவிடம் கொடுத்திருந்தான். ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசுவார்கள். அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அது நிற்கவில்லை. கடைசி இரண்டு மாதம்தான், ஞாயிறு காலை மூடியைத் திறந்தால் வயர்லெஸ் வரவில்லை. மகன் முகத்தைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

"தூங்கி எழுந்தா வயர்லெஸ் செத்துப்போற வியாதி இதுக்கு ஆரம்பத்துலயே இருந்துச்சு," என்றான் பிரேம். "மூடும்போது வயர்லெஸ்ஸை இயக்கற டிரைவர் மென்பொருளை எடுத்துட்டு, திறந்ததும் திரும்பப் போட, தானா ஓடற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன். அக்காதான் அதை நோண்டியிருக்கணும். அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில சேருன்னேன், மாட்டேன்னா. அவர் நிலைமை எனக்குத் தெரியக் கூடாதுன்னு பண்ணியிருக்கா."

அக்கா அருள்மேரி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

ஏஞ்சல் மூடினாள். திறந்தாள். வயர்லெஸ் வந்தது. பலமுறை செய்தும் வந்தது. ஸ்கிரிப்டில் யாரும் கை வைத்திருக்கவில்லை. அதை எடுத்துவிட்டுச் சோதித்தாள். இப்போது செத்தது, ரீஸ்டார்ட் செய்யும்வரை எழவில்லை. முன்விளிம்பில் இருந்த வயர்லெஸ் சுவிட்சையும் தள்ளிப் பார்த்தாள். அணைத்தால் வயர்லெஸ் போனது, திரும்பப் போட்டால் ரீஸ்டார்ட் இல்லாமலே வந்தது.

"ஞாயித்துக்கிழமை இதை யாரு திறப்பாங்கக்கா?"

"அப்பாதான். மடியில வச்சுட்டு நான் சர்ச்சுக்குப் போயிடுவேன்."

"திரும்பி வந்ததும்?"

"கனெக்‌ஷன் வரலம்மா, பிரேம் போன் பண்ணான்னு சொல்வாரு. போன்ல நல்லாத்தான் பேசுவாராம்."

"ரீஸ்டார்ட் பண்ணுவீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. மத்தியானம் அதுலயே மெயில் பார்ப்பேன். அப்ப வந்துடும்."

ஏஞ்சல் நிமிர்ந்தாள். எதிர்ச்சுவரில் ஓர் ஆணி. அதன் கீழே சதுரமாக, அழுக்குப் படாத சுண்ணாம்பு.

"இங்க என்ன மாட்டியிருந்தீங்க?"

"கண்ணாடி. புற்றுநோய் மருந்துல முடி கொட்டினதும் எடுத்துடச் சொன்னாரு."

"பிரேம், கடைசியா வீடியோ வந்த அன்னிக்கு என்ன பேசினீங்க?"

"பேசல. அவரைப் பார்த்ததும் அழுதுட்டேன். தீசிஸை விட்டுட்டு நாளைக்கே கிளம்பறேன்னேன். வேணாம்னாரு. அடுத்த வாரத்துலருந்து வயர்லெஸ் வரல."

ஏஞ்சலுக்கு விடை தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"டிரைவர் செத்திருந்தா, ரீஸ்டார்ட் பண்ணாம மத்தியானம் எழுந்திருக்காது. யாரோ சுவிட்சை அணைச்சுட்டு, அப்புறம் திரும்பப் போட்டிருக்காங்க. அந்த நேரத்துல வீட்டுல ஒருத்தர்தான் இருந்தாரு. உங்கப்பா, பிரேம். உனக்குக் குரலைக் குடுத்தாரு. முகத்தை மட்டும் குடுக்கல."

பிரேம் அக்காவிடம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். ஒரு ஞாயிறு பர்ஸை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். பார்த்துட்டேன். சொல்லிடாதேன்னு கையைப் புடிச்சுகிட்டாரு. நீ படிப்பை விட்டுட்டு வந்து நிப்பியேன்னு பயம்."

"போன்ல உன்னை அவ்வளவு திட்டினேனே."

"திட்டின."

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "கடைசியில எப்படி இருந்தாரு?"

அருள்மேரி உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏஞ்சல் சத்தமில்லாமல் வெளியேறினாள்.

"கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு," என்று அருள்மேரி சொல்வது கேட்டது. "மீசைகூட இல்லடா. மீசையில்லாத அப்பாவை நீ பார்த்ததே இல்லையே."