பதினேழாம் போர்ட்

பதினேழாம் போர்ட்டில் கேபிள் இல்லை. நாலு மாதமாக அது வெறும் துளைதான். அப்படியும் அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

கலைமதி குனிந்து பார்த்தாள். ஸ்விட்ச் என்கிற அந்தப் பெட்டிதான் தொழிற்சாலையின் மிஷின்களும் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேச வழிவிடுவது. நாற்பத்தெட்டுத் துளை, நாற்பத்தெட்டு விளக்கு. காலையில் ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் தடவிப் பொட்டு வைத்திருந்தார்கள். ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலால் துடைத்தாள். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

துவாக்குடியில் கொதிகலனுக்குத் தகடு வளைக்கும் கம்பெனி அது, அதன் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் கலைமதி பொறுப்பு. பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் விஜயதசமியில்தான் எடுப்பார்கள். மேனேஜர் ரஞ்சித்துக்கு அது தோதாகப் போயிற்று. "ஈ காக்கா இருக்காது கலை. புது சாஃப்ட்வேரைப் போட்டு, பழைய பதிவையெல்லாம் சுத்தமா அழிச்சிருங்க. நாளன்னைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு" என்றார்.

கேட்டில் வாட்ச்மேன் நல்லுசாமி மட்டும் முகத்தைச் சுளித்தார். "பூசை போட்டதை இன்னிக்குத் தொடக்கூடாதுங்க மேடம்."

"அது என்ன அரிவாளா சுத்தியலாங்க? கம்ப்யூட்டர் பெட்டி" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்திருந்தாள். அவள் பயம் சாமியிடம் இல்லை. அந்தப் பதிவிடம்தான்.

நடந்தது இதுதான். பங்குனியில் ஸ்விட்ச் கம்பெனிக்காரனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. புது சாஃப்ட்வேரில் சரிசெய்தவற்றின் பட்டியல், பன்னிரண்டு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: நெடுநாள் நிறுத்தாமல் ஓடும் ஸ்விட்சில் அவசரச் செய்திகள் வெளியே போகாமல் வரிசையில் தேங்கிவிடலாம். கலைமதி அதைப் படித்தாள். படிக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, மஞ்சள் கோடு வேறு போட்டு வைத்திருந்தாள். ஸ்விட்சை நிறுத்தினால் உற்பத்தி ஒரு மணி நேரம் நிற்கும், ரஞ்சித் கத்துவார். ஓடுகிறதை ஏன் நோண்டவேண்டும் என்று மெயிலை மூடினாள். தனிக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, தகடு வளைக்கும் ரோலிங் மிஷினின் சிவப்பு ஸ்டாப் பொத்தானை அந்த ஸ்விட்சின் பதினேழாம் போர்ட் வழியாகவே விட்டிருந்தார்கள் புண்ணியவான்கள்.

ஆனி மாதம், அந்த மிஷினை ஓட்டும் மருங்காபுரிக்காரர் ராசப்பனின் கையுறையை ரோலர் கவ்வியது. இன்னொரு கையால் அவர் பொத்தானை அமுக்கினார். பதினோரு தடவை. அத்தனையும் ஸ்விட்சில் பதிவாகி, அத்தனையும் அங்கேயே தேங்கி நின்றன. ரோலர் தோள்வரை இழுத்த பிறகுதான் யாரோ மெயினை இறக்கினார்கள்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? குடித்திருந்தார், பொத்தானை அமுக்கவே இல்லை என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், அதில் கையெழுத்துப் போட்டவர்களில் கலைமதியும் ஒருத்தி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ராசப்பனின் மனைவி செல்லக்கிளி கேட்டில் வந்து நின்றாள்.

"அவரு கையில வெத்தலைகூட தொடமாட்டாரும்மா. குடிச்சாருன்னு புள்ளைங்க பள்ளிக்கூடத்துல கேக்குதுங்க. நெசமாவே அமுக்கலையா?"

"அமுக்கலைக்கா. நானே பார்த்தேன்" என்றாள் கலைமதி.

அந்தப் பதினோரு வரிதான் ராசப்பனுக்காகப் பேச உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி. பென் டிரைவில் போட்டுச் செல்லக்கிளி கையில் கொடுக்க இன்றைக்குக்கூட ஒரு நிமிஷம் போதும். கலைமதியின் பையில் பென் டிரைவ் இருக்கத்தான் இருந்தது. வேலை போகும், போலீஸ் வரும், தில்லை நகரில் அக்கம்பக்கம் என்ன பேசும். அழித்தாள்.

புது சாஃப்ட்வேர் ஏறியது. ஸ்விட்ச் அணைந்து மறுபடி எழுந்திருக்கவேண்டும். அதன் விசிறிகள் நின்றதும் அறைக்குள் இறங்கிய அமைதியில், வெளியே தகரக் கூரைமேல் மழை தூற ஆரம்பித்த சத்தமும், சுவரைத் தாண்டி வந்த கற்பூர வாசனையும், அதற்கு அடியில் கிரீஸும் சூடான இரும்பும் கலந்த இன்னொரு வாசனையும் மெல்ல மெல்ல அவளைச் சுற்றிக்கொண்டன. அன்றைக்கு மிஷின் எதுவும் ஓடவில்லை. இரும்பு எப்படிச் சூடாகும்?

விசிறிகள் சுழன்றன. திரை வந்தது. பதிவு: பூஜ்யம். மூச்சு விட்டாள்.

போர்ட் 17. அவசர நிறுத்தம். மாலை 3:42.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பத்திரண்டு. தேங்கிக் கிடந்தது இப்போது வெளியே வருகிறது போலும். ஆனால் அணைத்துப் போட்டால் உள்ளே இருந்ததெல்லாம் போயிருக்கவேண்டுமே? இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிமிஷத்தின் நேரம். எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினொன்றில் நிற்கும் என்று நம்பினாள்.

பன்னிரண்டு வந்தது.

கேபிளைப் பிடுங்கலாம் என்று எழுந்தாள். பிடுங்கக் கேபிள் எங்கே இருக்கிறது? ரஞ்சித்துக்குப் போன் போட்டாள்.

"என்ன கலை, அழிச்சாச்சா?"

"சார்... அந்தப் பதிவு மறுபடி வருது சார்."

"என்ன சொல்றீங்க, சரியாக் கேக்கலை. பின்னாடி அவ்வளவு சத்தம். இன்னிக்குப் போயி யாரு ரோலிங் மிஷின் ஓட்டுறா?"

அதுவரை அவளுக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னதும் கேட்டது. கீழே, தரைக்குள்ளிருந்து வருவதுபோல், கனத்த உருளை உருளும் சத்தம். போன் தானாகக் கட் ஆனது.

கேட்டுக்குப் போகவேண்டுமானால் மிஷின் ஷெட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். வேறு வழி இல்லை. ஓடினாள். மழை இருட்டு. சுவரில் மெயின் கைப்பிடி இறக்கியே இருந்தது. அதில் சுற்றிய பூமாலைகூட அசையவில்லை. நாலு மாதமாக ராசப்பனின் மிஷினை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் தரையில் கிடந்தது. ரோலர்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"நல்லுசாமி! ஏங்க, நல்லுசாமி!"

சுவரோடு சுவராக ஒட்டி நடந்தாள். மிஷினுக்கும் அவளுக்கும் ஆறடி இருக்கும். காற்று எதுவும் வீசவில்லை. கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்த துப்பட்டாவின் நுனி மட்டும் எழும்பியது. நேராக. ரோலர்களுக்கு நடுவே போயிற்று.

இழுத்தது.

கழுத்து இறுகியது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. ஒரு அடி. இன்னொரு அடி. சிவப்புப் பொத்தான் எட்டியது. ஓங்கி அமுக்கினாள். நிற்கவில்லை. மறுபடி. மறுபடி. கத்த வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இரும்பு சுற்றியது.

அவள் கைமேல் இன்னொரு கை விழுந்தது.

ஜில்லென்ற கை. கிரீஸ் பிசுக்கு. காய்ப்பேறிய உள்ளங்கை. அது அவளை இழுக்கவில்லை, தள்ளவும் இல்லை. அவள் கையோடு சேர்ந்து பொத்தானை அமுக்கியது. உயிருக்குப் பயந்தவன் அமுக்குகிற மாதிரி, பதறிப் பதறி, திரும்பத் திரும்ப. ரோலர் சுற்றிக்கொண்டே இருந்தது.