மூன்றாவது பெடல்

தண்டையார்பேட்டை ஷாகுல் ஹமீது பாய், கப்பலை எடைக்கு வாங்கிவிட்டு நங்கூரத்துக்குத் தனியாக விலை பேசுகிற ஆள். அவருடைய காயலாங்கடைக்குள் எது நுழைந்தாலும் காசாகித்தான் வெளியே போகும். ஒன்றைத் தவிர. ஆள் செத்த வண்டி வந்தால், பேரமெல்லாம் அப்புறம். முதலில் அதன் பெடல்களை கேஸ் கட்டர் வைத்து அறுத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "செத்தவன் காலு கடைசியா இருந்த எடம்பா அது" என்பார். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்.

2007-ல் ஒரு புழுக்கமான மதியம். வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்காரும் அசோகன், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளைச் சொருகி எடுத்து, அந்தக் கடையின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். உள்ளே பாயின் ஒரே மகன் தப்ரேஸ், கம்ப்யூட்டர் ரேஸில் மூழ்கியிருந்தான். பர்மா பஜார் ஸ்டியரிங். பழைய கார் சீட்டு. காலடியில் லாரியிலிருந்து கழற்றிய பெடல்கள் மூன்று.

பெங்களூர்ப் பந்தயக் குழு ஒன்று இணையத்தில் போட்டி வைத்திருந்தது. முதலாவதாக வருபவன் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நிஜ ரேஸ் காரை ஓட்டலாம். அன்று மாலையோடு போட்டி முடிகிறது. தப்ரேஸ் மூன்றாவது இடத்தில் இருந்தான். பெருநாள் கழிந்ததும் அவனைத் தராசுப் பக்கம் உட்கார வைப்பதாக பாய் சொல்லியாயிற்று. இதை விட்டால் ஆயுளுக்கும் பழைய இரும்புதான்.

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அசோகனின் வேலை ஆரம்பமாகும். டெலிமெட்ரி என்று அதற்குப் பெயர். ஆக்சிலரேட்டரை எங்கே விட்டான், பிரேக்கை எங்கே மிதித்தான், எந்தச் சக்கரம் எங்கே குதித்தது, எல்லாம் திரையில் கோடுகோடாக வந்து நிற்கும். ஓட்டியவன் புளுகலாம், கோடு புளுகாது.

"இன்னா மாமு, கிளட்ச்ச மிதிக்கிறியா?" என்று கேட்டான் அசோகன்.

"கியரு ஸ்டியரிங்லயே கீதுடா. கிளட்ச்சுக்கு ஒயரே குடுக்கல. சும்மா குந்தினு கீது அது."

ஆனால் திரையில் கிளட்ச் கோடு ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் சற்று முன்பாக.

வேறு ஊராக இருந்தால் எழுந்து ஓடியிருப்பார்கள். அதிசயமோ அமானுஷ்யமோ, இதில் நமக்கு என்ன தேறும் என்று முதலில் பார்ப்பது அந்தத் தெருவின் ரத்தம்.

"அது ஏர்ற எடத்துல நீ பிரேக் போட்டுப் பாரு" என்றான் அசோகன்.

போட்டான். நேரம் குறைந்தது. அடுத்த ரவுண்டில் இன்னும் குறைந்தது. பல வருஷம் ஓட்டிய ஒரு கால், திருப்பம் திருப்பமாகச் சொல்லிக்கொடுத்தது. மூன்றாம் இடம் இரண்டாம் இடமானது. இன்னும் அரை வினாடிதான் பாக்கி.

அந்த அரை வினாடி எங்கே போகிறது என்பதையும் கோடே காட்டியது. டிராக்கின் மிக நீளமான நேர்ச் சாலை. திருப்பமே கிடையாது. அதன் நடுவில் ஒவ்வொரு ரவுண்டிலும் தப்ரேஸ் ஆக்சிலரேட்டரை விட்டிருந்தான். அதே இடத்தில் கிளட்ச் கோடு உச்சியில் முட்டி நின்றது.

"கால எதுக்குடா எட்த்த?"

"நான் எடுக்கலடா."

கொட்டகைக்குள் கருகிய பிரேக் நாற்றம் அடித்தது.

அப்போதுதான் பாய் உள்ளே வந்தார். மகனைப் பார்க்கவில்லை. பெடலைப் பார்த்தார்.

"இது அந்த டிரெய்லர்துதானே?"

அப்பா அறுப்பதற்குள் அதைக் கழற்றி ஒளித்து வைத்திருந்த தப்ரேஸ் தலைகுனிந்தான். பாயின் குரல் இறங்கிவிட்டது.

"எண்ணூர் ரோடு. பட்டப்பகலு. நேரு ரோட்ல ஈ காக்கா இல்ல. நடுவுல கிளட்ச்சு, பிரேக்கு, ரெண்டையும் சேத்து மிதிச்சிகீறான் அந்த டிரைவரு. பின்னாடி இருந்த இரும்பு ரோலு கேபின் மேல வந்து வுழுந்துச்சு. எத்தப் பாத்து மிதிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெர்ல." திரும்பினார். "கேஸ் கொண்டாறேன். எய்ந்திரு."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

"ஒரே ரவுண்டு, மாமு" என்று தப்ரேஸ் கிசுகிசுத்தான். "அது எறங்காம முட்டு குடு."

"வாணாம்டா. அந்த டிரைவரு நமக்கு இன்னாவோ சொல்றாரு."

"பெருநா தாண்டுனா நான் ஆணி பொறுக்கணும். குடுடா."

அசோகன் மூலையில் கிடந்த மரக்கட்டையை எடுத்துக் கிளட்ச்சுக்கு அடியில் செருகினான்.

திருப்பங்கள் வெண்ணெயாக வழுக்கிப் போயின. நேர்ச் சாலை வந்தது.

கட்டை முனகியது.

யாரும் தொடாத பெடல், மேலிருந்து யாரோ எழுந்து நின்று மிதிப்பதைப் போல நடுங்கியது. தப்ரேஸ் இரண்டு கைகளாலும் தன் வலது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கால் மேலே வரவில்லை.

டொக்.

டொக்.

ஸ்டியரிங் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. திரையில் வெறும் சாலைதான் ஓடியது.

முதல் இடம்.

தப்ரேஸ் கத்திக் கூத்தாடினான். அசோகன் கோடுகளைப் பார்த்தான். நேர்ச் சாலையின் நடுவில் முன் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியிருந்தது. அடுத்து பின் சக்கரம். கிளட்ச் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதன்பின் அது எழவே இல்லை.

பாய் பெடல்களை அறுத்தார். கட்டையில் விழுந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "காப்பாத்த வந்தவன தொரத்திட்டீங்களேடா" என்றார்.

இருங்காட்டுக்கோட்டையில் நல்ல வெயில். தப்ரேஸ் நிஜக் காரில் பறந்தான். காரிலிருந்து கோடுகள் நேராக லேப்டாப்புக்கு வந்துகொண்டிருந்தன. அதன் முன்னால் இருந்த இன்ஜினியர் ஜார்ஜ் நெற்றியைச் சுருக்கினார்.

"ஸ்ட்ரெயிட்ல எதன் மேல ஏத்துறான் உங்க ஃப்ரெண்டு? அங்க ரோடு கண்ணாடி மாதிரி இருக்குமே."

முன் சக்கரம். பின் சக்கரம். எல்லா ரவுண்டிலும், அதே இடத்தில்.

அசோகன் லேப்டாப்பின் பக்கம் நகர்ந்தான்.

கடைசி ரவுண்டு.

"இது என்னங்க?" என்றார் ஜார்ஜ். "முன் சக்கரம் மட்டும் ஏறியிருக்கு. பின் சக்கரம் ஏறவே இல்ல."

கார் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. தப்ரேஸ் ஹெல்மெட்டைக் கழற்றிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இன்னா மாமு, பேயறைஞ்சா மாரி கீற?"

அசோகன் காருக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. லேப்டாப்பை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

நின்றிருந்த காரின் பின் சக்கரக் கோடு, மெல்ல, மேலே ஏறத் தொடங்கியது.