பழையது முதலில்

'இல்லை' என்று வரவேண்டிய பதில் வரவில்லை.

அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். இல்லாத ஒன்றைக் கேட்டால் புரோகிராம் சிவப்பு எழுத்தில் 'அப்படி ஒன்று இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, பால்கனியில் சாரலில் நனைந்துகொண்டிருக்கும் துணிகளை எடுக்க எழுந்து போகலாம் என்று நினைத்திருந்தான். திரையில் பச்சையாக ஒரே வரி நின்றது.

அண்ணன்: உண்டு.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் லைப்ரரி அது. அவனும் வேறு வேறு ஊர்களில் இருக்கும் நாலைந்து பேரும் சம்பளமில்லாமல் அதைக் கட்டிக் காத்து வந்தார்கள். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு தூக்கத்தில் கைவைத்துச் செய்கிற வேலை. "ஊருக்கு உழைக்கிற மகராசா, வீட்டுக் குழாய் ஒழுகுது" என்பாள் மனைவி.

இந்த முறை அவன் கைக்கு வந்தது கொஞ்சம் பெரிய வேலை. ஒரு பொருள் எப்படி இருக்கும், எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்கிற அச்சைப் புரோகிராமர்கள் கிளாஸ் என்பார்கள். அந்த அச்சையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். இனி அது வேண்டாம். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது இல்லாத பெயரைக் கேட்டால், இருப்பதில் நெருக்கமான ஒன்றைப் பார்த்து நகலெடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றி, லைப்ரரியே அந்த நொடியில் உண்டாக்கிக் கொடுத்துவிடும். கேட்டவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோது அவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

ஆனால் வேலை பாதியில்தான் நின்றது. நகலெடுக்கும் பகுதியை எழுதிவிட்டான். மாற்றும் பகுதி வெறுமையாகக் கிடந்தது. எதையும் எதோடும் இன்னும் இணைக்கவேயில்லை.

சோதனைக்கு அர்த்தமில்லாத பெயர்களைத்தான் வைப்பது என்பது அவர்கள் குழுவில் எழுதாத சட்டம். எல்லாருடைய தப்பையும் திருத்துவதால் வாத்தியார் என்று பேர் வாங்கிய மூத்த ஆள் அதில் ரொம்பக் கறார். இவன் சோம்பேறித்தனமாக வீட்டு ஆட்களையே வைத்திருந்தான். அப்பா, அம்மா, சுண்டு. சுண்டு அவன் மகள், ஐந்து வயது, ஒரே பிள்ளை. ஒரு வாரமாக அண்ணன் வேண்டும் என்று உயிரை வாங்குகிறாள். "தம்பின்னாகூடப் பரவாயில்ல, அண்ணனுக்கு எங்கடி போறது?" என்று அவள் அம்மா சிரித்தாள். சற்று முன் சுண்டு அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, "உன் கம்ப்யூட்டர்ல கேளுப்பா" என்றாள். கேட்டான். இறங்கி உள்ளறைக்கு விளையாட ஓடிவிட்டாள்.

அவன் கேள்வியை மாற்றினான். எதைப் பார்த்து உண்டானது?

சுண்டு.

மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஈரத்துணி வாடையும் உள்ளறையிலிருந்து மெழுகு வண்ணக்குச்சியின் வாடையும் கலந்து வந்தன. விளக்குப் போட மறந்த கூடத்தில் சாயங்காலம் மூலை மூலையாக இருட்டிக்கொண்டு வந்தது. சுண்டு தனக்குத்தானே இரண்டு குரலில் பேசி விளையாடுவாள், அது வழக்கம்தான். ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி பதில் சொல்வாள், பிறகு சிரிப்பாள்.

வாத்தியாருக்குப் போன் போட்டான்.

"எதையும் இணைக்கவே இல்ல வாத்தியாரே. ஆனா உண்டுன்னு சொல்லுது."

"பழைய சோதனை எதுவோ ஒட்டிக்கிட்டு நிக்கும். துப்புரவு புரோகிராம ஓட்டி விடு, போயிரும்." வாத்தியார் பேச்சை மாற்றினார். "ஆமா, உனக்கு ஒரு பிள்ளைதானே? பின்னாடி ரெண்டு பேரு சிரிக்கிறாங்களே?"

போனை வைத்துவிட்டுக் கேட்டான். பேச்சு மாறி மாறி வந்தது. சிரிப்பு அப்படி வரவில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று ஏறியது. ஒரே சிரிப்புத்தான், ஆனால் இரண்டு தொண்டை.

எழுந்தான். நடையில் தரை சில்லென்று இருந்தது. உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் கீழே வெளிச்சக் கோட்டில் நிழல்கள் அசைந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வாசல் கதவை உள்ளே தாழிட்டது அவன்தான்.

"சுண்டு?"

"என்னப்பா?"

இரண்டு முகங்கள் திரும்பின. இரண்டிலும் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. இரண்டு மஞ்சள் கவுன். இரண்டு முழங்காலிலும், நேற்று அவனே ஒட்டிய பிளாஸ்டர், அதே கோணலாக.

மாற்றும் பகுதியை அவன் எழுதவில்லை. நகல் மட்டும்தான்.

ஓடிப்போய் மகளைத் தூக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது. கை நீண்டது. எந்தப் பக்கம்? கண்ணைப் பார்த்தான். கன்னத்து மச்சத்தைப் பார்த்தான். பெற்றவனுக்குத் தெரியாதா என்று தன்னையே திட்டினான். தெரியவில்லை. இரண்டும் அவனைப் பார்த்து ஆசையாகச் சிரித்தன. நீண்ட கை தானாக இறங்கியது.

பின்னோக்கியே நடந்தான். சுவரைத் தடவிக்கொண்டு. நாற்காலி. திரை.

துப்புரவு. போன மாதம் அவனே எழுதியது. ஒரே அச்சில் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். மனைவி வருகிற நேரம். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, நனைந்துகொண்டு, பிள்ளையைப் பார்க்க ஓடி வருவாள். இரண்டு பேரை எப்படிக் காட்டுவான்?

தட்டினான்.

சிரிப்பு நடுவில் அறுந்தது.

பிறகு மழை மட்டும். பிறகு ஒரே ஒரு ஜோடிக் கால். சின்னக் கால்கள். நடையில் தத்தித் தத்தி வந்தன. நாற்காலியின் பக்கத்தில் நின்றன. அவன் கையை ஒரு சின்னக் கை பிடித்தது. இளஞ்சூடாக, வண்ணக்குச்சியின் பிசுக்கோடு. அப்பாடா என்று மூச்சு வந்தது. அழுகையே வந்துவிட்டது.

"அப்பா."

"என்ன கண்ணு?"

"தங்கச்சி எங்கப்பா?"

அவனுக்கு அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. ஒன்றை விட்டுவைக்கும். எதை? இடம் மிச்சமாகும், யோசனையே வேண்டாம் என்று அவனே பெருமையாக எழுதிய வரி. பழையது முதலில் போகும்.

வாசல் மணி அடித்தது.

அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அதுவே ஓடி, எக்கித் தாழ்ப்பாளைத் திறந்தது. மனைவி குடையைக்கூட மடக்காமல், "சுண்டு!" என்று வாரி எடுத்தாள். கழுத்தில் முகத்தைப் புதைத்து, தினமும் செய்கிற மாதிரி ஆழமாக மோந்து பார்த்தாள்.

"வேர்வை வாடை வீசுது. உங்கப்பா குளிக்க வைக்கலையா?" என்று சிரித்தாள்.

அது அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தது. அவள் அதன் முழங்காலைத் தடவி, பிளாஸ்டரைச் சரியாக ஒட்டிவிட்டு, முத்தம் கொடுத்தாள்.