பின்னால் மறையும் கோபுரம்

"திங்கக்கிழமை வள்ளத்த வாங்க ஆள் வருது. அதுக்குள்ள அப்பா மீன் பிடிச்ச எடத்தக் கண்டுபிடிச்சா விக்கல" என்றாள் அம்மா. சனிக்கிழமை விடிந்ததும் பிரிஸ்காவும் அவள் தம்பி ஆன்றோவும் குட்டியானை சரக்கு வண்டியில் புறப்பட்டார்கள்.

இறந்துபோன அப்பா ததேயூஸின் நோட்டில் இரண்டே வரிகள். 'வெள்ளைக் கோபுரம் பெரிய பாறைக்குப் பின்னால் மறையணும். மலைப் பிளவு தண்ணீர்த் தொட்டிக்கு நேரே நிக்கணும்.' இரண்டும் ஒருசேர அமையும் இடத்தில், கடலுக்கடியில் மீன் குவியும் பாறைத் திட்டு, 'பார்', இருக்கிறது. எந்த ஊர்? அதைத்தான் மனிதர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

குளச்சலிலிருந்து கிழக்கே கடலோரச் சாலை வளைந்து வளைந்து போனது. செம்மண் மேடு, கறுத்த பாறைகள், கீழே நுரை. ஒவ்வொரு வெள்ளைத் தேவாலயக் கோபுரத்தின் அருகிலும் இறங்கிப் பார்த்தார்கள்.

"இதுவும் இல்லக்கா. பாற கோபுரத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கு."

ஏழாவது ஊரிலும் அதையே சொன்னான். பிரிஸ்கா வண்டியை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லேய், அப்பா ரோட்டுல நின்னா மீன் பிடிச்சாரு?"

ஆன்றோ தலையைச் சொறிந்தான். பத்து வருடமாக வேறு வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன்! வண்டியில் ஏறியதும் கரைக்காரன் ஆகிவிட்டான். பாவம், முகம் சிவந்துபோனது.

வண்டியைத் திருப்பினார்கள். இப்போது ஊர் ஊராக, கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவின் நுனிவரை நடந்து, கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் அலை பிரிஸ்காவின் இடுப்புவரை அடித்தது. ஆன்றோ அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். இன்னும் நாலடி நடந்தார்கள். கோபுரம் மெல்லப் பாறைக்குப் பின்னால் நகர்ந்தது. சிலுவை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தூரத்தில் மலைப் பிளவும் தொட்டியும் கிட்டத்தட்ட நேராக நின்றன; இன்னும் கொஞ்சம் கடலுக்குள் போனால் ஒன்றாகிவிடும்.

"அக்கா" என்றான் ஆன்றோ. அப்பா பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது இருவருக்கும்.

அந்த ஊரின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை.

திங்கள் காலை வள்ளம் நிறையக் கலவா மீனோடு ஆன்றோ கரையேறினான். வள்ளத்தை வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மா கேட்டாள்:

"எங்கல பிடிச்ச?"

ஆன்றோ அக்காவைப் பார்த்தான்.

"கடல்ல" என்றாள் பிரிஸ்கா.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள், கண் நிறைய. "முப்பது வருசமா அந்த மனுசன் எனக்குச் சொன்னதும் இதுதான்."