கேள்வி கேட்க வந்த மாப்பிள்ளை

நித்திலா அன்று காலை பல் துலக்கியதைச் சில ஆயிரம் பேர் பார்த்தார்கள். செவ்வாய்க் கிரகத்துச் செவ்வூரில் அது ஒன்றும் பெரிய கூட்டமில்லை. அங்கே குழந்தைக்குக் காது குத்தும்போதே கண்ணுக்குப் பின்னால் விழிவலையையும் பொருத்திவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கண் காண்பதையும் காது கேட்பதையும் யார் வேண்டுமானாலும் வலையில் காணலாம், கேட்கலாம். போன மாதம் நடந்ததைக்கூடத் தேடி எடுக்கலாம். பார்ப்பவர்கள் சொல்லும் கருத்துகளும் அந்தக் கண்ணுக்கு முன்னால் எழுத்தாக ஓடும்.

அதனால் செவ்வூரில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. "சாப்டாச்சா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, எதிரில் இருப்பவரின் முகம் சுண்டிவிடும். நான் சாப்பிட்டதைப் பார்க்கக்கூட உனக்கு மனசில்லையா என்று வருத்தம். அங்கே பார்ப்பதுதான் பாசம். பார்க்காமல் விடுவது அவமரியாதை.

நித்திலாவுக்கு இது அலுத்துவிட்டது. கல்யாண வயதாகியும் தன்னை இதுவரை ஒருவர்கூட எதையும் கேட்டதில்லை என்பது அவளுடைய பெரிய குறை. வியாழனின் நிலவொன்றில், பனிக்கட்டிக்கு அடியில் குடியிருக்கும் பனியூர்க்காரர்கள் இதற்கு நேர்மாறு. அனுமதியில்லாமல் ஒருவரை வலையில் பார்ப்பது அவர்களுக்குக் குளியலறைக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்க வேண்டும். கட்டினால் பனியூர் மாப்பிள்ளையைத்தான் கட்டுவேன், விழிவலையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனோடு போய்விடுவேன் என்று நித்திலா ஒற்றைக்காலில் நின்றாள்.

இன்று பனியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை.

விண்கலத் தளத்திலிருந்து நேரே வந்து இறங்கினார்கள் மாப்பிள்ளை மருதனும் அவன் தாயார் அங்கயற்கண்ணி அம்மாளும். கேசரியும் பாசிமாவு பஜ்ஜியும் வந்தன. நித்திலாவின் அப்பா தணிகாசலம் பெருமையோடு பேச்சைத் தொடங்கினார்.

"பொண்ணப் பத்தி எல்லாம் பாத்திருப்பீங்க."

அங்கயற்கண்ணி அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயையோ! நாங்க எட்டிப் பாக்கற குடும்பம் இல்லீங்க. உங்க பொண்ணு பேரே தரகர் சொல்லித்தான் தெரியும்."

தணிகாசலத்தின் முகம் தொங்கிப்போனது. "ஒரு வாட்டிகூடப் பாக்கலையா? எங்க பொண்ணு அவ்வளவு இளக்காரமாப் போயிட்டாளா?"

"அப்பா, சும்மா இருங்க!" என்றாள் நித்திலா. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்!

மருதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் ஒண்ணு ரெண்டு கேக்கலாமா?"

"கேளுங்க, கேளுங்க!"

"உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

நித்திலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புளிசாதம்," என்றாள். "அதுவும் ஆறிப்போன புளிசாதம்." சொல்லிவிட்டு, தன் குரலைத் தானே முதன்முறையாகக் கேட்டவள் போலச் சிரித்தாள்.

செவ்வூர் முழுக்கப் போட்டது போட்டபடி அவள் கண் வழியே பார்க்க ஓடி வந்தது. கேள்வி கேட்கிறானாம்! பள்ளிக்கூடத்தில் பாடம் நின்றது. சலூனில் பாதி மழித்த தாடியோடு ஒருவர் காத்திருந்தார்.

"எதுக்காவது பயப்படுவீங்களா?"

"லிஃப்டுக்கு!"

"செடி கொடி வளர்க்கப் பிடிக்குமா?"

"ஒரே ஒரு கத்திரிச் செடி வெச்சிருக்கேன்."

"ஆமா, போன மாசம் வாடிப்போச்சே, இப்பத் துளிர்த்துடுச்சா?"

செடி வாடியதைப் பற்றி நித்திலா மூச்சே விட்டிருக்கவில்லை.

முதலில் புரிந்துகொண்டவர் தணிகாசலம்தான். "பாத்திருக்காரு! மாப்பிள்ளை என் பொண்ணப் பாத்திருக்காரு!" என்று துள்ளி எழுந்து மருதனைக் கட்டிக்கொண்டார்.

அங்கயற்கண்ணி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "வெக்கமா இல்லையாடா? எத்தன நாளா இந்தப் புத்தி?"

"ஆறு மாசமா, அம்மா."

"ஆறு மாசமா! நானாவது ஒரே ஒரு தரம், அதுவும் அவங்க சமையக்கட்டை மட்டும்தான் பாத்தேன்..."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அந்த அம்மாளுக்கு உறைத்தது. கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். உண்மையில் பனியூரில் எல்லோருமே பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்த இடத்தில் ஒன்றும் தெரியாதது போல் கேட்பதைத்தான் அங்கே கண்ணியம் என்கிறார்கள்.

நித்திலாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப புளிசாதம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"லிஃப்ட்?"

"அதுவும் தெரியும்."

"அப்பா, எனக்கு இந்த இடம் வேணாம்," என்று அவள் எழுந்துவிட்டாள்.

மருதனும் பதறி எழுந்தான். "நான் பண்ணது தப்புதாங்க. ஆனா ஒண்ணு மட்டும் எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கல. அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

நித்திலா நின்றாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது அசல் கேள்வி! இதற்கான விடை வலையில் எந்த மூலையிலும் இல்லை. அவளிடம் மட்டும்தான் இருக்கிறது, அவள் சொன்னால்தான் உண்டு. பிறந்ததிலிருந்து ஏங்கிய ஒன்று கடைசியில் கிடைத்தேவிட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து மருதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு அவள் பார்வை அவன் முகத்தை விட்டு நழுவி, வெறும் காற்றில் நிலைத்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஆவலோடு. "பாக்கறவங்க எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."