மூக்கு வைத்த கிட்டார்

சுண்டுவின் சித்தி வைத்திருந்த மின்சாரக் கிட்டாருக்குச் சித்தியைவிட வயது அதிகம். அதன் முகத்தில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. இன்னொன்று அந்தச் சத்தத்தைக் கணீரென்றோ மந்தமாகவோ ஆக்க. வயதான பிளாஸ்டிக் அல்லவா, இரண்டும் விரிசல் விட்டு உடைந்துபோயின.

அப்பா சும்மா இருப்பாரா? பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, அதே காலத்துக் குமிழ்களாகப் பார்த்து வாங்கி வந்தார். தங்க நிறத்தில் வழவழவென்று இருந்தன. அவர் மாட்டி முடித்ததும் வீடே கூடி நின்று பார்த்தது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது" என்றார் அம்மா.

சித்திக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அவர் குமிழ்களைத் தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு, மாமா" என்றார். அக்காவின் கணவரை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சித்தி வாசிக்கும் இசைக்குழு வீட்டுக்கு ஒத்திகைக்கு வந்தது. குழுவின் தலைவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். வாசலில் குனிந்து நுழையும் உயரம் என்பதால் எல்லாருக்கும் அவர் நெட்டையர்.

பாட்டு நன்றாகத்தான் போனது. நடுவில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டப் போனதும் சித்தியின் கிட்டார் அலறியது. அவர் குமிழைத் திருப்பினார். உடனே ஊமையாகிவிட்டது. மறுபடி திருப்பினால் மறுபடி அலறல்.

நெட்டையர் வாசிப்பதை நிறுத்தினார். "நடுவுல இப்படிக் கத்தினா எப்படிங்க? சனிக்கிழமை மேடைக்கு என்னோட புது கிட்டாரைத் தரேன். இந்தக் கிழவர் வீட்டுல ஓய்வெடுக்கட்டும்."

சித்தி கிட்டாரை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் வாசிக்கக் கற்றதே அதில்தான். அது இல்லாமல் அவர் மேடை ஏறியதே இல்லை.

எல்லாவற்றையும் சுண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நெட்டையர் கிளம்பியதும் சித்தியிடம் போனாள்.

"முன்னாடியெல்லாம் இப்படி ஆகாதே, சித்தி?"

"சும்மா இரு."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லுங்க."

சித்தி குரலைத் தாழ்த்தினார். "பழைய நாப்ல ஓரமா ஒரு சில்லு பேந்திருந்துச்சு. விரல் வெச்சாலே அது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும். இது சுத்திலும் ஒரே வழவழா. எது ஆரம்பம், எது முடிவுன்னே புரியல. உங்கப்பா எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தாரு. அவர்கிட்ட மூச்சு விடாதே."

சுண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். மின்விசிறியின் குமிழைத் தடவினாள். சலவை இயந்திரத்தைத் தடவினாள். நாற்காலியில் முட்டிக்கொண்டாள். அடுப்பின் குமிழில் கை வைத்ததும் நின்றாள். அதன் நடுவில் ஒரு மேடு நீளமாக ஓடியது. கண்ணைத் திறக்காமலே அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தது.

"அடுப்புல என்னடி விளையாட்டு?" என்று அம்மா அதட்டினார்.

அதற்குள் சுண்டு சித்தியிடம் ஓடிவிட்டாள். அளவு பார்க்க ஒரு தங்கக் குமிழைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் குமிழின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள பல்லு பல்லா இருக்கு. இதே மாதிரி பல்லு இருந்தாத்தான் கிட்டார்ல நீட்டிட்டு இருக்கிற தண்டுல பிடிச்சு நிக்கும்." பழைய குமிழ்கள் கிடந்த ஒரு டப்பாவைக் கவிழ்த்து, பொருந்தக்கூடியவற்றை மட்டும் தனியாக ஒதுக்கினார்.

சுண்டு கண்ணை மூடிக்கொண்டு அவற்றைத் துழாவினாள்.

"என்ன பாப்பா, தூக்கம் வருதா?"

"இல்ல அங்கிள். தேடறேன்."

அவள் விரல் ஒரு கறுப்புக் குமிழில் நின்றது. அதற்கு நீளமாக ஒரு மூக்கு இருந்தது.

"அது பழைய ஆம்ப்ளிஃபயர்ல இருந்து கழட்டினது" என்றார் கடைக்காரர். "கிட்டார்ல மாட்டினா பாக்க சகிக்காது."

"பாக்கப்போறது நாங்கதானே அங்கிள். திருப்பப்போறது எங்க சித்தி."

கடைக்காரர் சிரித்துவிட்டு, அதற்கு ஜோடியையும் தேடிக் கொடுத்தார்.

வீட்டில் அவற்றைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. "தங்கமாட்டம் ரெண்டு இருக்கும்போது இந்தக் காக்கா மூக்கு எதுக்கு?"

சுண்டு யோசித்தாள். சொல்லக் கூடாது என்றுதானே சித்தி சொன்னார். காட்டக் கூடாது என்று சொல்லவில்லையே. தங்கக் குமிழைத் திரும்ப மாட்டினாள். அப்பாவின் கண்ணை ஒரு துண்டால் கட்டினாள்.

"சத்தத்தைப் பாதியா வைங்கப்பா. சித்தி, நீங்க வாசிங்க."

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று அப்பா திருப்பினார். சித்தி தந்தியை மீட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கையில் கரண்டியோடு அம்மா ஓடி வந்தார். அப்பா பதறிப்போய் மறுபக்கம் திருப்பினார். சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

"எங்க நிக்குதுன்னே தெரியலையே" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. துண்டை அவிழ்த்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க ஆசையைக் கெடுக்க மனசு வரல, மாமா."

அப்பாவுக்கு வருத்தம்தான். தங்கக் குமிழ்களைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கறுப்பு மூக்குகளை அவரே மாட்டிவிட்டார். சித்தி அவற்றின் மேல் விரலை வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

சனிக்கிழமை மேடையில் பழைய கிட்டார்தான் ஏறியது. பாட்டின் நடுவிலேயே சித்தியின் சுண்டுவிரல் மூக்கைத் தொட்டுத் தொட்டு நகர்த்தியது. அவர் நினைத்தபோது சத்தம் ஏறியது, நினைத்தபோது இறங்கியது. எங்கேயும் ஓர் அலறல் இல்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

முடிந்ததும் நெட்டையர் சுண்டுவிடம் வந்து, இரண்டாக மடிந்து குனிந்தார்.

"என் பேஸ் கிட்டாருக்கும் இதே மாதிரி கிடைக்குமா? மேடை லைட் மூஞ்சியில அடிச்சா எனக்கு ஒரு நாப்பும் தெரியறதில்ல."

"கிடைக்கும் அங்கிள்" என்றாள் சுண்டு. "ஆனா கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாத்து வாங்கணும்."