லாட் 1, மூட்டை 1, எடை 75 கிலோ

செல்போன் அலறியது.

கம்பம்மெட்டு ஜங்ஷன். ‘ஏலமணி டாட் காம்’ தலைமை அலுவலகம். காலை ஒன்பதே முக்கால்.

முதலாளியின் மனைவி தமிழ்ப்ரியா எடுத்தாள்.

“தாயி, உம் புருஷன் வினோ எங்கிட்டத்தான் இருக்கான்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“யாரு... யாரு பேசறது?”

“மூணு மணிக்குள்ள ரெண்டு கோடி. இல்லாட்டி ஏலக்காய் ஒலத்துற ரூம்ல போட்டு அடுப்பப் பத்த வச்சிருவேன். அஞ்சு கிலோ பச்சக் காய் காஞ்சா ஒரு கிலோ. உம் புருஷன் எழுபத்தஞ்சு கிலோ. பதினஞ்சு கிலோவா வாங்கிக்கிறியா?”

“அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க...”

“வாசல்ல சாம்பிள் வச்சிருக்கேன். பாத்துக்க.”

லைன் செத்தது.

வாசலில் ஒரு பழுப்பு நிறக் கவர். விரலாக இருக்குமோ... காதாக இருக்குமோ... கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தாள்.

வினோவின் கல்யாண மோதிரம் விழுந்தது.

பத்தாவது நிமிடம் எஸ்.ஐ. சுவக்கீன் வந்தார்.

“கம்பெனிக்கு என்ன மதிப்பும்மா?”

“ஆயிரத்து இருநூறு கோடி சார்.”

“பேங்க்ல?”

“பதினோராயிரம்.”

சுவக்கீன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏலமணி என்பது ஒரு ஆப். டீ கொதிக்கும்போது ஏலக்காய் இல்லையா? போனைத் தட்டினால் போதும். பத்தே நிமிடத்தில் ஒரே ஒரு காய் வீடு தேடி வரும். விலை மூன்று ரூபாய். கொண்டுவரும் செலவு நாற்பது. காய்க்கு முப்பத்தேழு ரூபாய் நஷ்டம். இதைத்தான் டி.வி.யில் கோட் போட்டவர்கள் வளர்ச்சி என்றார்கள். பங்கு தொள்ளாயிரம் ரூபாய்க்குப் பறந்தது.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நேற்று இருநூற்றுப் பத்து.

பத்தே காலுக்கு டி.வி.யில் செய்தி ஓடியது. ஏலமணி அதிபர் கடத்தல்.

பங்கு விழவில்லை. ஏறியது! கடத்துகிற அளவுக்கு ஆள் என்றால் கம்பெனியில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று மும்பை நினைத்துவிட்டது. ஒரு நாளில் எவ்வளவு ஏற விடுவார்களோ அவ்வளவும் ஏறி, இருநூற்று ஐம்பத்திரண்டில் நின்றது.

தமிழ்ப்ரியா லாப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

“ஆளு யாருன்னு தெரிஞ்சுதா சார்?”

“இந்த மலையில அம்புட்டுப் பேரும் ஏலக்காய்க்காரந்தாம்மா. எவனைன்னு போய்ப் பிடிக்க?”

சொல்லிக்கொண்டே கவரைத் திருப்பினார். பின்பக்கம் நீல மையில் எழுத்து.

லாட் 1. மூட்டை 1. எடை 75 கிலோ.

அதற்குக் கீழே ஒரு எண்.

சுவக்கீன் நிமிர்ந்தார்.

“ஏலத்துக்கு சாம்பிள் அனுப்புறப்ப இப்பிடித்தான் எழுதுவாங்க. கடைசியில விவசாயியோட பதிவு நம்பர். முப்பது வருஷப் பழக்கம்... கை தன்னால எழுதிருச்சு.”

எண்ணுக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, இப்போது யாருடைய ஏலக்காட்டில் இருக்கிறார் என்று விசாரித்து முடிக்க மதியம் ஆனது. அழகுமலை. ஆறு ஏக்கர் பட்டய நிலத்தை விற்று, ரெண்டு கோடியையும் தொள்ளாயிரம் விலையில் ஏலமணியில் போட்டவர்.

தமிழ்ப்ரியாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மலைமேல் போனது. மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

“இன்னும் எவ்வளவு தூரம் சார்?”

“வந்துட்டோம்.”

மணி இரண்டரை.

பனி விலகியது. ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் தெரிந்தது. புகைபோக்கியிலிருந்து... கறுப்பாகப் புகை!

“மூணு மணின்னு சொன்னானே சார்...” என்ற தமிழ்ப்ரியா குதித்து இறங்கி ஓடினாள். அவளை முந்திக்கொண்டு சுவக்கீன் கதவை எட்டி உதைத்தார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் பாலில்லாத கட்டன் சாயா கொதித்துக்கொண்டிருந்தது.

சாக்கு மூட்டைமேல் இரண்டு பேர். கடத்தியவரும் கடத்தப்பட்டவரும். தோளோடு தோள் ஒட்டி, ஒரே போனை உற்றுப் பார்த்துக்கொண்டு.

“அய்யா, சத்தம் போடாதீக,” என்றார் அழகுமலை. “வெல ஏறி நிக்கிது.”

வினோ கையெடுத்துக் கும்பிட்டான்.

“சார், தினம் இருபது பர்சென்ட் ஏறுனா எட்டு நாள்ல பழைய தொள்ளாயிரம். அண்ணன் பணமும் வந்துடும், என் மானமும் வந்துடும். எட்டு நாள் என்னைக் கண்டுபிடிக்காதீங்க.”

“இங்க ஒருத்தி செத்துப் பிழைச்சு வந்திருக்கேன்,” என்றாள் தமிழ்ப்ரியா. “எட்டு நாளா?”

“ப்ரியா, உன் பேர்ல ஒரு லட்சம் ஷேர் இருக்கு. அது எவ்வளவு ஆகும்னு...”

“இல்ல.”

“என்ன இல்ல?”

“உங்க உயிரை மீட்கணுமேன்னு பத்தரைக்கே எல்லாத்தையும் வித்துட்டேன்.”



அழகுமலையின் போன் பீப் என்றது. புதுச் செய்தி. ஏலமணி அதிபரின் மனைவி பங்குகளை மொத்தமாக விற்றார்.

இருநூற்று ஐம்பத்திரண்டு... இருநூறு... நூற்று அறுபத்தெட்டு. அதற்குக் கீழே இன்றைக்கு விழ அனுமதி இல்லை. நாளைக்கு உண்டு.

அழகுமலை எழுந்தார். சாயாப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். இரண்டு விறகை அடுப்புக்குள் தள்ளினார். உலர்த்தும் அறையின் இரும்புக் கதவை நிதானமாகத் திறந்தார்.

“உள்ள போங்க தம்பி.”

ஒரே பாய்ச்சலில் வினோ சுவக்கீனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

“சார்... சார், என்னை இப்பவே கண்டுபிடிச்சிருங்க சார்.”

சுவக்கீன் விலங்கைக் கையில் எடுத்தார். மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். சாயாவை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“எட்டு நாள் கழிச்சுல்ல வரச் சொன்னீங்க?”